வாகைக்கு முந்திய ஆண்டுகள்

ரொறன்ரோ ராப்டர்ஸ் என்னும் கூடைப்பந்தாட்ட அணி, வட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ.யின் வாகையை ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுசென்ற முதல் அணி என்ற கீர்த்தியைப் பெற்றபோது, ரொறன்ரோவில் 2019ஆம் ஆண்டு ஜூன் 13, வியாழக்கிழமை நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே மட்டக்களப்பில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி கடந்து, கச்சான் காற்று வாவிக்கரை வீதிகளில் புழுதியைக் கிளப்பத் தொடங்கியிருந்தது. அந்த வெற்றியைக் குறித்துப் பின்னர் நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை, காவை லெனர்ட் என்ற ஒரே வீரரையும், அவர் எறிந்து வளையத்தின்மேல் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்த ஒரே பந்தையும் போற்றுவதோடு திருப்தி அடைந்துவிட்டன. அந்தப் பந்தின் மகிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஓராண்டுக்காக வந்து ஓராண்டிலேயே சென்றுவிட்ட ஒரு மகா வீரரால் மட்டுமே அந்த வாகை கிட்டியது என்று சொல்வது, அந்த அணியின் சரித்திரத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதாகும். யாருடைய கண்ணும் படாத கூடங்களில், கைதட்ட ஆளில்லாத ஆண்டுகளில், பொறுமையோடு பழக்கப்பட்ட மனிதர்களே அந்த வெற்றியின் மூலதனம் என்பது என் திடமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கற்றுக்கொண்ட இடம் எங்கள் புளியந்தீவு.

எங்கள் ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 1873இல் தோன்றியதும், சுவாமி விபுலாநந்தர் பயின்றதுமான புனித மிக்கேல் கல்லூரி, புளியந்தீவிலே வாவியால் சூழப்பட்டு நிற்கின்றது. அதனை நடத்திவந்த இயேசு சபையினர் முதலில் பிரான்சிலிருந்து வந்தவர்கள். இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின், அச்சபையின் அமெரிக்க நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துத் துறவிகள் அந்தப் பணியை ஏற்றனர். அவ்வாறு 1948இல் லூசியானாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களில் ஒருவர் யூஜின் ஹேபேர்ட் அடிகளார். தம் தேசத்து விளையாட்டைத் தம்முடனே கொண்டுவந்த அவர், ஒரு தலைமுறையின் பின் இன்னொரு தலைமுறையாக எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கியதன் பயனாக, கொழும்பிலுள்ள வசதி மிக்க கல்லூரிகளோடு சரிசமமாக நின்று அகில இலங்கைப் பட்டங்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவரும் ஒரு பரம்பரையே உருவாயிற்று. நகரின் விளையாட்டரங்கு இன்னோர் இயேசு சபைத் துறவியாகிய வெபர் அடிகளாரின் நாமத்தைத் தாங்கி நிற்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். மீனவர், கமக்காரர், எழுதுவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பந்தைத் தட்டிப் பழகிய ஊர் இது.

ஹேபேர்ட் அடிகளாரின் முடிவை எங்களூரவர் எவரும் அமைதியான மனத்தோடு சொல்ல முடியாது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பள்ளிவாசல்களிலும் கிராமங்களிலும் மனிதர் மனிதரைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த அந்தக் கொடிய நாட்களில், 15ஆந் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஒரு தமிழ் இளைஞரோடு புறப்பட்ட அவர், ஏறாவூர்ப் பகுதியை அண்டிக் காணாமற்போனார். இருவரைப் பற்றியும் இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவர் பழக்கிய மாணவர்களோ இலங்கையெங்கும், பின்னர் யுத்தம் துரத்தத் துரத்த உலகெங்கும் பரவினார்கள்.

அவ்வாறு பரவியவர்களில் ஒரு பெருங்கூட்டம் ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் வேர்கொண்டது. என் தமக்கையின் மகனும் அங்கேதான் இருக்கிறான். 2019ஆம் ஆண்டின் சித்திரை முதல் ஆனி வரை அவனுடைய தொலைபேசி அழைப்பே எனக்குத் துயிலெழுப்பும் மணியாயிற்று. ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்குக் காலை ஆறரை மணி ஆட்டமல்லவா?

“மாமா, எழும்பிட்டீங்களா? மட்ச் தொடங்கப் போகுது.”

“எழும்பிற்றன் மனே. போனமுறை மாதிரி இடையில கட் பண்ணிப் போட்டுப் போயிராத. மறுகா என்ன நடந்ததெண்டு தெரியாம இருக்க ஏலாது எனக்கு.”

ஓர் அந்நிய நகரத்தின் அணியை எங்கள் பிள்ளைகள் தங்கள் அணியாகக் கொள்வது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மட்டக்களப்புத் தேசத்தில் கொம்புமுறி விளையாட்டு நடந்த காலங்களில் ஊரே தென்சேரி, வடசேரி என்று இரு பிரிவாகி, தன் சேரியின் கொம்பு முறியாதிருக்க வேண்டுமென்று கண்ணகை அம்மனை வேண்டி நின்றதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவன் எந்தச் சேரிக்கு உரியவன் என்பது அவன் பிறப்போடு வந்த உறவு. கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு ரொறன்ரோ அவ்வாறே வந்தது.

கூடைப்பந்தாட்டத்தை 1891ஆம் ஆண்டு டிசம்பரில் மாசசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆல்மொன்ற் என்னும் ஊரில் பிறந்தவர். என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகக் கணக்கிடுவதும் 1946ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி ரொறன்ரோவில் நடந்த ஆட்டத்தையே. இவ்வளவு பழைய உரிமை இருந்தும், அன்று ரொறன்ரோவுக்காக ஆடி ஓராண்டோடு மறைந்துபோன பழைய அணிக்குப் பின், 1995இல் ராப்டர்ஸ் தோன்றும் வரை அந்நகருக்கு அந்தச் சங்கத்தில் அணி இருக்கவில்லை. 2001ஆம் ஆண்டு மே மாதம், பிலடெல்பியாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில், வின்ஸ் கார்ட்டர் கடைசிக் கணத்தில் எறிந்த பந்து வளையத்தில் பட்டு விலகியதும், ஒரே புள்ளியால் ராப்டர்ஸ் தோற்றதும் பதினெட்டு ஆண்டுகள் அந்நகரின் நெஞ்சில் ஆறாத காயமாக இருந்தன.

பின்னர் வந்தது லெப்ரோன் ஜேம்ஸின் காலம். 2016இல் நான்குக்கு இரண்டு என்றும், 2017இலும் 2018இலும் ஒரு வெற்றியும் இன்றி நான்குக்குப் பூச்சியம் என்றும் அவருடைய கிளீவ்லண்ட் அணி ராப்டர்ஸை வெளியேற்றிற்று. இவற்றில் 2018ஆம் ஆண்டின் தோல்வியே மிகக் கொடியது. ஏனெனில் அந்தப் பருவத்தில் 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் நின்ற அணி அது. அதன் பயிற்றுநர் டுவேன் கேசி மே மாதம் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே அந்த ஆண்டின் மிகச் சிறந்த பயிற்றுநர் என்ற விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருக்கு உதவியாளராக இருந்த நிக் நேர்ஸ், இங்கிலாந்தின் சிறு கழகங்களிலும் அமெரிக்காவின் இரண்டாந் தர சங்கத்திலும் நெடுங்காலம் உழைத்தவர், அந்தப் பதவிக்கு உயர்த்தப்பட்டார்.

இதைவிடப் பெரிய வேதனை ஜூலை மாதம் வந்தது. டிமார் டிறோசன் 2009ஆம் ஆண்டு முதல் ஒன்பது பருவங்கள் அந்த அணிக்கே தம் யௌவனத்தைச் செலவிட்டவர். பெயர் பெற்ற வீரர்கள் ஒவ்வொருவராக அந்தக் குளிர் நகரத்தைவிட்டு வெளியேறியபோதும் தாம் அங்கேயே இருக்க விரும்பியவர். தம் மனச்சோர்வைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசி, அவ்வாறே துன்புற்ற எத்தனையோ பேருக்கு வாய்திறக்கத் தைரியம் கொடுத்தவர். 2018ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் திகதி, அணியின் தலைவர் மசாய் உஜிரி அவரை சான் அன்ரோனியோ அணிக்குக் கொடுத்து, லெனர்டையும் டானி கிறீனையும் பெற்றார். லெனர்ட் 2014ஆம் ஆண்டின் இறுதித் தொடரில் மிகச் சிறந்த வீரர் என்ற பட்டம் பெற்றவர் என்பதும், ஆனால் காயம் காரணமாக முந்திய பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே ஆடியவர் என்பதும், ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஆண்டு என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. கணக்கின்படி உஜிரி செய்தது சரி. அதன் விளைவும் அவருடைய பக்கமே சாட்சி சொல்கின்றது. ஆயினும், டிறோசனுக்கு நேர்ந்ததை அந்தக் கணக்கில் சேர்க்காமல் வாகையைக் கொண்டாடுவது நியாயமாகாது என்றே நான் எண்ணுகிறேன். 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் எதிரணி வீரராக ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அதே ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், அவருடைய கையிலிருந்த பந்தைப் பறித்தோடி வெற்றிப் புள்ளிகளைச் சேர்த்தவரும் லெனர்டே.

82 ஆட்டங்கள் கொண்ட அந்தப் பருவத்தை ராப்டர்ஸ் 58 வெற்றி, 24 தோல்வி என்று முடித்து, மில்வோக்கிக்கு அடுத்த இரண்டாமிடத்தைப் பெற்றது. லெனர்டின் உடலைக் காப்பாற்றும்பொருட்டு அவரை 60 ஆட்டங்களில் மட்டுமே இறக்கினார்கள்; இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அவர் இல்லாத 22 ஆட்டங்களிலும் ஏனையோர் ஆடத்தானே வேண்டியிருந்தது? அவற்றில் 17 ஆட்டங்களை அவர்கள் வென்றார்கள். பெப்ரவரியில் மெம்பிஸ் அணியிலிருந்து மார்க் கசோல் என்னும் ஸ்பானிய வீரரை வருவித்தார்கள். வேகம் குறைந்தவராயினும் ஆட்டத்தை நன்கு வாசிக்கத் தெரிந்தவர்.

அந்த ஏனையோரைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். பாஸ்கல் சியாக்கம் ஆபிரிக்காவின் கமரூன் தேசத்தவர். குருவாக வேண்டுமென்ற தந்தையின் விருப்பப்படி சிறு வயதிலேயே குருமடத்தில் சேர்க்கப்பட்டவர். பதினேழு, பதினெட்டு வயதில்தான் கூடைப்பந்தைக் கருத்தோடு கையிலெடுத்தார். அமெரிக்காவில் அவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 2014இல், தந்தையார் வாகன விபத்தில் இறந்தார். போனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமோ என்ற சங்கடத்தால் அவர் இறுதிச் சடங்குக்குச் செல்லவில்லை. இதை வாசித்தபோது நான் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். தந்தைக்குக் கொள்ளி வைக்க வரமுடியாமல், அகதி விண்ணப்பத்தின் தீர்ப்பை எதிர்பார்த்து, தொலைபேசியில் ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் 2016ஆம் ஆண்டின் தெரிவில் சியாக்கத்தை 27ஆம் இடத்திலேதான் எடுத்தார்கள். 2019இல் மிக அதிக முன்னேற்றம் கண்ட வீரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது.

ஃபிரெட் வான்விலீட்டின் கதை இன்னும் கடினமானது. அதே 2016ஆம் ஆண்டின் தெரிவில் அறுபது பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஆறடி உயரமே உள்ள அவருடைய பெயர் அந்த அறுபதில் இல்லை. சியாக்கமும் வான்விலீட்டும் ராப்டர்ஸின் கீழணியாகிய ராப்டர்ஸ் 905இல் ஆடி, 2017இல் அந்த இரண்டாந் தர சங்கத்தின் வாகையைச் சூடினார்கள். அந்த இறுதித் தொடரில் சிறந்த வீரர் சியாக்கம். மிசிசாகாவிலுள்ள ஒரு சிறு அரங்கில் நடந்த அந்த ஆட்டங்களை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இவர்களோடு கைல் லவுரி: 2012ஆம் ஆண்டு முதல் அந்த அணியில் இருந்து, ஒவ்வோர் ஆண்டின் தோல்விக்கும் முதலில் நிந்திக்கப்பட்டு, டிறோசன் என்னும் ஆத்ம நண்பனையும் இழந்து, பின்னும் மோதி விழுவதற்கு அஞ்சாமல் தரையில் உருண்டவர். அணியின் ஆன்மா எது என்று கேட்டால் நான் லவுரியையே காட்டுவேன்.

வெளியேற்றுச் சுற்று ஏப்ரல் 13ஆந் திகதி ஓர்லாண்டோவுக்கு எதிரான தோல்வியோடு தொடங்கியது. லவுரி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பழைய நிந்தனைகள் எல்லாம் ஒரே இரவில் திரும்பி வந்தன. அடுத்த இரண்டு ஆட்டங்களை வென்றார்கள். நான்காவது ஆட்டம் நடந்த நாள் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை எங்கள் நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு மறைக்கல்வி முடித்து முற்றத்தில் நின்ற சிறுவர் சிறுமியர் பலர் மாண்டார்கள். வைத்தியசாலைக்கு இரத்தம் கொடுக்க ஓடியவர்கள், பிள்ளையைத் தேடி ஓடியவர்கள், ஊரடங்கின் மௌனம், வரிசையாகச் சென்ற சிறிய பெட்டிகள் என்று அந்த வாரத்தை இந்நகரம் எப்படிக் கடந்ததென்பதை எழுதும் சக்தி எனக்கு இல்லை. முகநூலும் வட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டிருந்தமையால் மருமகன் சாதாரண தொலைபேசி இணைப்பில் அழைத்தான். உறவினர், அயலவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிச் சுகம் விசாரித்தான். பந்தாட்டப் பேச்சு எங்களிருவர் வாயிலும் எழவில்லை. ராப்டர்ஸ் அந்தத் தொடரை நான்குக்கு ஒன்று என்று வென்றதை நான் பல நாட்களின் பின்னரே அறிந்தேன். மே மாதத்தில் அவன் மீண்டும், தயங்கித் தயங்கி, “மாமா, இரவைக்கு மட்ச் இருக்கு” என்றபோது, பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, பொழுது விடியுமுன் எப்படியும் விழித்துக் கிடந்த மனத்துக்கு ஏதாவது ஒரு பற்றுக்கோடு வேண்டியிருந்ததும் காரணமாகும்.

இரண்டாவது சுற்றில் எதிரே நின்றது, 2001இன் அதே பிலடெல்பியா. இந்த இடத்தில் தொடர் என்னும் அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுப் பாடசாலைப் போட்டிகளில் வெளியேற்றுச் சுற்றில் ஒரு தோல்வி கண்ட அணி அன்றிரவே பஸ் ஏறிவிடும். அங்கேயோ ஒரே எதிரியோடு ஏழு ஆட்டங்கள் வரை பொருத வேண்டும். நான்கை முதலில் வெல்பவருக்கே தொடர். அவ்வாறு நான்கு தொடர்கள், ஆகப் பதினாறு வெற்றிகள். ஓர் இரவின் அதிர்ஷ்டத்தால் ஓர் ஆட்டத்தை வெல்லலாம். ஆனால் முதல் ஆட்டத்தில் மறைந்திருந்த பலவீனத்தை மூன்றாம் ஆட்டத்துக்குள் எதிரி கண்டுபிடித்துவிடுவான். அதை மூடினால் இன்னொன்று திறக்கும். அந்த நெடிய பரீட்சையில், எத்தனை பேர் எத்தனை விதமாகப் பழக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது மட்டுமே கைகொடுக்கும்.

மே 12ஆந் திகதி இரவு, எங்களுக்குத் திங்கள் அதிகாலை, ஏழாவது ஆட்டம். நான்கு விநாடிகள் எஞ்சியிருக்கையில் ஜிம்மி பட்லர் 90க்கு 90 என்று சமன் செய்தார். பந்தை வாங்கிய லெனர்ட் வலது மூலை வரை ஓடி, ஏழடி உயர ஜோயல் எம்பீட்டின் நீட்டிய கரத்துக்கு மேலாக எறிய, கடிகாரம் ஓய்ந்த பின்னும் பந்து வளையத்தின்மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று துள்ளி, உள்ளே விழுந்தது. ஏழாவது ஆட்டமொன்றைக் கடிகாரம் ஓயும் கணத்தில் வென்ற முதல் எறிவு அது. அன்று லெனர்ட் 39 முறை எறிந்து 41 புள்ளிகள் எடுத்தார். அதே வேளையில், அந்தத் தொடர் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், கசோலின் தடுப்பினால் எம்பீட் தம் வழக்கமான அளவுக்கு வெகுதூரம் கீழேயே நின்றார் என்பது தெரியும். அது நடக்கவில்லையாயின் ஏழாவது ஆட்டமே வந்திராது. ஒருவர் உழைப்பை உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கின்றது, மற்றவர் உழைப்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

மில்வோக்கித் தொடரே எனக்கு மிகப் பிரியமானது. 60 ஆட்டங்களை வென்ற அணி. யானிஸ் அன்ரெற்றோகூன்போ என்ற மாபெரும் வீரர். முதல் இரண்டு ஆட்டங்களிலும் ராப்டர்ஸ் தோற்றது. இரண்டாவது 22 புள்ளி வித்தியாசத்தில். மூன்றாவது ஆட்டத்தில் நேர்ஸ், யானிஸைத் தடுக்கும் பொறுப்பை லெனர்டிடம் ஒப்படைத்தார். அந்த ஆட்டம் இரண்டு மேலதிக நேரங்கள் வரை நீண்டு, 118க்கு 112 என்று முடிந்தது. காயத்தோடு நொண்டிய லெனர்ட் 52 நிமிடங்கள் களத்தில் நின்றார். நான்காவதில் லவுரியும் இருக்கைவரிசை வீரர்களும் கைகொடுத்தார்கள். பிலடெல்பியாத் தொடரில் மிகச் சொற்பமான புள்ளிகளே எடுத்து எல்லோருடைய பழிக்கும் ஆளான வான்விலீட்டுக்கு மே 20ஆந் திகதி ஆண் குழந்தை பிறந்தது. தந்தையானவர், ஐந்தாவது ஆட்டத்தில் தூரத்திலிருந்து எறிந்த ஒன்பது பந்துகளில் ஏழை வளையத்துள் இட்டார். ஆறாவது ஆட்டத்தில் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்து, எதிரணி மூன்று புள்ளிகள் எடுப்பதற்குள் 26 புள்ளிகளைக் குவித்து, 100க்கு 94 என்று வென்றார்கள். இரண்டு தோல்விகளின் பின் தொடர்ந்து நான்கு வெற்றிகள்! வீதிகளிலே திரண்ட ஜனங்களின் ஆரவாரத்தை மருமகன் தன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து எனக்குக் கேட்கச் செய்தான்.

இறுதித் தொடரின் எதிரி, முந்திய நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வாகை சூடிய கோல்டன் ஸ்டேட். அதன் தலைவீரர் ஸ்டெபன் கறி, தந்தை ராப்டர்ஸுக்காக ஆடிய நாட்களில் ரொறன்ரோவிலேயே சிறு பிராயத்தின் சில ஆண்டுகளைக் கழித்தவர். முதல் ஆட்டத்தில் சியாக்கம் 32 புள்ளிகள் எடுத்தார். இரண்டாவதை இழந்து, எதிரியின் அரங்கில் மூன்றாவதையும் நான்காவதையும் வென்று, வாகைக்கு ஒரே ஆட்டம் எஞ்சிய நிலையில் அணி ஊர் திரும்பியது. அந்த ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு சம்பவம். நெடுநாள் காயத்தின் பின் களமிறங்கிய எதிரணியின் கெவின் டுராண்ட், இரண்டாம் கால்பகுதியில் குதிகால் தசைநாண் அறுந்து தரையில் அமர்ந்தபோது, அரங்கின் ஒரு பகுதியினர் ஆரவாரித்தார்கள். லவுரியும் சக வீரர்களாகிய இபாக்காவும் டானி கிறீனும் கரங்களை அசைத்து அந்த ஆரவாரத்தை அடக்கி, காயமுற்றவருக்கு மரியாதை செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள். வாகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், சொந்த ரசிகரையே கடிந்துகொள்ளும் அந்த மனப்பக்குவத்தை நான் எந்தப் புள்ளிக் கணக்கிலும் மேலாக மதிக்கிறேன். அந்த ஆட்டத்தை 106க்கு 105 என்று அவர்கள் இழந்தார்கள். லவுரி கடைசியாக எறிந்த பந்தை எதிரணியின் டிறேமண்ட் கிறீனின் விரல்நுனி தொட்டுத் திருப்பியது.

ஆகவே ஆறாவது ஆட்டம், ஓக்லண்டில். முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில் பூச்சியத்தோடு நின்ற அதே லவுரி, அன்று அணியின் முதல் எட்டுப் புள்ளிகளையும் தாமே எடுத்தார். முடிவில் லவுரிக்கு 26, சியாக்கத்துக்கு 26, லெனர்டுக்கு 22, வான்விலீட்டுக்கு 22. அதிலும் 12 புள்ளிகள் இறுதிக் கால்பகுதியில். 114க்கு 110. தொடரின் சிறந்த வீரர் விருது லெனர்டுக்கு நியாயமாகவே சென்றது. ஆனால் அந்த நான்கு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். குருமடத்திலிருந்து வந்தவர் ஒருவர், அறுபது பெயர்களில் இடம் பெறாதவர் ஒருவர், ஏழாண்டு நிந்தை சுமந்தவர் ஒருவர்.

கோல்டன் ஸ்டேட்டின் டுராண்டும் கிளே தொம்சனும் காயமுறாதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்போர் உளர். இருந்திருக்கலாம். அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் லெனர்ட் இல்லாவிட்டால் அந்த அணி ஒன்றுமில்லை என்ற வாதத்துக்கு மறுப்பு, அடுத்த பருவத்திலேயே உண்டு. ஜூலை மாதம் அவர் லொஸ் ஏஞ்சலிஸுக்குச் சென்றுவிட்டார். டானி கிறீனும் சென்றார். எஞ்சியவர்கள், பெருந்தொற்றினால் சுருங்கிய 2019-20 பருவத்தில் 53 வெற்றி, 19 தோல்வி என்று, வாகை சூடிய ஆண்டைவிட உயர்ந்த விகிதத்தில் வென்று, மீண்டும் கிழக்கின் இரண்டாமிடத்தைப் பெற்றார்கள். நேர்ஸ் அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுநரானார். பார்வையாளரே இல்லாத ஓர்லாண்டோ அரங்கில் பொஸ்டன் அணியோடு நடந்த தொடரில், அரை விநாடி எஞ்சியிருக்க, லவுரி களத்தின் குறுக்கே நெடுந்தூரம் வீசிய பந்தைப் பிடித்தெறிந்து மூன்றாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர் ஓ.ஜி. அனுனோபி. 2019இன் வாகைப் பயணம் முழுவதும் குடல்வால் சத்திரசிகிச்சை காரணமாக ஓர் ஆட்டத்திலும் இறங்க முடியாமல் வெளியே இருந்த இளைஞர் அவர். ஆறாவது ஆட்டத்தை இரண்டு மேலதிக நேரங்களில் வென்றார்கள். முப்பத்து நான்கு வயது லவுரி 53 நிமிடங்கள் ஆடி 33 புள்ளிகள் எடுத்தார். ஏழாவதை 92க்கு 87 என்று பொஸ்டன் வென்றது. வாகை கிடைக்காத அந்தத் தொடரையே ராப்டர்ஸின் ஆகச் சிறந்த ஆட்டமாக நான் கருதுகிறேன் என்று சொன்னபோது மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு ஓக்லண்டின் ஆறாவது ஆட்டந்தான்.